பழைய மோட்டாரை வாங்கலாமா? கரி படியாத கைகள் சொல்லும் தீர்ப்பு!



பள்ளி ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும் போதெல்லாம், என்னிடம் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட மாணவர்களின் பெற்றோர் சிலர் என்னைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் கொண்டுவரும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்.

"ஐயா, பையன் படிவம் மூன்று முடித்துவிட்டான். யார் வீட்டுப் பின்புறத்திலோ துருப்பிடித்துக் கிடக்கும் பழைய மோட்டாரை வாங்கித் தரச்சொல்லி அடம்பிடிக்கிறான். தானே பழுதுபார்க்கப் போகிறானாம்! நீங்கள் சொன்னால் கேட்பான். வேண்டாமென்று கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்."

கவனித்தீர்களா? கேள்வியாகத் தொடங்கியது தீர்ப்பாக முடிந்துவிட்டது. வாங்கலாமா, கூடாதா என்று அவர்கள் கேட்கவில்லை. கூடாது என்று முடிவு செய்துவிட்டு, அந்த முடிவுக்கு ஓர் ஆசிரியரின் முத்திரையைக் கேட்கிறார்கள். அந்த முத்திரையை நான் தருவதில்லை. தர மறுப்பதற்கான காரணங்களை இங்கே வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் படித்துவிட்டுச் சினங்கொள்ளுங்கள்!

இரண்டு தவறான பதில்கள்

இக்கேள்விக்கு நம் சமுதாயத்தில் இரண்டு ஆயத்தப் பதில்கள் உலவுகின்றன.

முதலாவது, "அந்த இரும்புக் குப்பை எதற்கு? நான் புதிதாகவே வாங்கித் தருகிறேன்" என்பது. ஆண்டுக்கணக்கில் தவணை கட்டவும் அணியமாக இருக்கும் தந்தை, அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வரும் பழைய வண்டியைத் தொட அஞ்சுகிறார். மகன் கேட்டது ஓட்டுவதற்கு ஒரு வண்டி என்று அவர் நினைத்துவிட்டார். மகன் கேட்டதோ செய்வதற்கு ஒரு வேலை!

இரண்டாவது, "மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடு. பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது. இஃது அதைவிடத் தீங்கானது. இப்படி வாங்கப்பட்ட வண்டிகள் எத்தனை வீடுகளின் முன்புறத்தில் நெகிழித் தார்ப்பாய்க்கு அடியில் மறுபடியும் துருப்பிடித்துக் கொண்டிருக்கின்றன! முன்பு யாரோ ஒருவர் வீட்டில் மக்கிய வண்டி, இப்போது நம் வீட்டில் மக்குகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

என் பதில் இரண்டுக்கும் அப்பாற்பட்டது. தன் கையால் செய்ய முன்வருகிறவருக்கு அந்த வண்டி வாங்கத் தக்கது. பிறர் கையால் செய்து வாங்கிக்கொள்ள எண்ணுகிறவருக்கு அஃது எந்த விலைக்கும் வாங்கத் தகாதது. வாங்குவதா வேண்டாமா என்பதை வண்டியின் துருவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் யாருடைய கையில் ஸ்பானர் இருக்கப் போகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்த வண்டியைப் பேசுகிறோம்?

'பழைய மோட்டார்' என்று பொதுவாகப் பேசினால் பயனில்லை. நம் நாட்டில் பெரும்பாலும் பிள்ளைகள் கண்வைப்பது இரண்டு வகை.

ஒன்று, ஹோண்டா 'கப்' வகை வண்டி. 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமான சூப்பர் கப்பின் வழித்தோன்றல். அவ்வண்டியைப் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ இங்குக் கொண்டுவந்தார். 'கப்சாய்' என்ற பெயரே நம் நாட்டுப் பேச்சில் இதிலிருந்துதான் பிறந்தது. 2017ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகளின் உலக உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. நம் வீடுகளின் பின்புறம் கிடப்பவை பெரும்பாலும் இதன் சி70 வகை.

மற்றொன்று, யமஹா ஆர்.எக்ஸ்.இசட். 133 சி.சி. இருவீச்சு இயந்திரம். இன்று இளைஞர்களிடையே பெரும் மோகம். அந்த மோகமே அதற்கு எதிரான முதற்காரணம். விலை ஏறிக்கிடக்கிறது. திருட்டும், எஞ்சின் மாற்றமும், எண் குழப்பமும் அவ்வகை வண்டியைச் சுற்றியே மிகுதி. பள்ளி செல்லும் பிள்ளையின் முதல் வண்டியாக அதை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, இக்கட்டுரை முழுவதும் நான் பேசுவது சி70 போன்ற எளிய வண்டியைப் பற்றித்தான்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வண்டியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. விடியற்காலை பெரட்டுக்குப் போனதும் இதில்தான். பால் வாளிகளை ஏற்றிச் சென்றதும் இதில்தான். பிள்ளைகள் மூவரை முன்னும் பின்னும் அமர்த்தித் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டதும் இதில்தான். என் தந்தையார் அதன் சங்கிலியையும் பிளக்கையும் கார்புரேட்டரையும் லயத்து வாசலில் உட்கார்ந்து தாமே கழற்றிப் பூட்டியவர். அவர் இயந்திரவியல் படித்தவரல்லர். பால்மரம் வெட்டியவர். அந்தக் கைத்திறனை ஒரே தலைமுறையில் தொலைத்துவிட்டு, தொலைத்ததையே முன்னேற்றம் என்று நாம் கொண்டாடிக் கொண்டிருக்கிறோம்!

செலவு, ஆக்கம், ஊதியம்

ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது என்ன, ஆவது என்ன, அதன்வழிப் பின்னர் வரும் ஊதியம் என்ன என மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். 'தெரிந்துசெயல்வகை' என்று அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. மாணவர்களுக்கு நாம் மனனம் செய்யக் கொடுக்கிறோம். ஒரு மோட்டார் வாங்கும்போது நாமே அதைப் பயன்படுத்திப் பார்ப்போமா?

1. அழிவது: முதலில் தாள், பிறகு பணம்

வண்டியைப் பார்க்கப் போகும்போது எல்லாரும் முதலில் எஞ்சினைப் பார்க்கிறார்கள். தவறு! முதலில் பார்க்கவேண்டியது 'கிரான்' என்று நாம் சொல்லும் உரிமைப் பத்திரம். பத்திரமில்லாத வண்டியை யாராவது இலவசமாகத் தந்தாலும் கைகூப்பி வணங்கிவிட்டு வந்துவிடுங்கள்.

உரிமைப் பத்திரத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போகவேண்டும். துருவைச் சுரண்டித் துடைத்து, உங்கள் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். எண்ணின் மீது தேய்த்த தடமோ மறுபடி அடித்த தடமோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஞ்சினை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்துத் துறையில் (ஜே.பி.ஜே.) பதிவாகியிருக்கவேண்டும். இல்லையேல், பையன் ஓராண்டு வியர்வை சிந்திச் செய்த வண்டி ஒரு சாலைச் சோதனையில் பறிபோகக்கூடும். திருட்டு வண்டியாக இருந்தால், தெரிந்தே வாங்கியவரும் சட்டத்தின் முன் குற்றவாளியே.

அடுத்து, பத்திரத்தில் இருப்பது யார் பெயர்? விற்பவரின் பெயரா? நம்மவர் வீடுகளில் இங்குதான் பெரும் சிக்கல். வண்டி தாத்தாவின் பெயரில் இருக்கும். தாத்தா மறைந்து பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும். "அதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். மறைந்தவர் பெயரிலுள்ள வண்டியை மாற்ற, வாரிசுரிமைக்கான ஆவணம் வேண்டும். நில அலுவலகம், நீதிமன்றம், அமானா ராயா என உரிய இடத்தில் அதைப் பெறவேண்டியவர் விற்பவர்தாம், வாங்குபவர் அல்லர். பணத்தைக் கொடுத்துவிட்ட பிறகு அவரை எந்த அலுவலகத்துக்கும் உங்களால் இழுத்துச் செல்ல முடியாது. சாலை வரி பல ஆண்டுகளாகக் கட்டப்படாமல் கிடந்த வண்டியென்றால், அதன் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் ஜே.பி.ஜே. முகப்பில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெயர் மாற்றம் முடிந்த பிறகே முழுப்பணம். அண்ணன் தம்பியாக இருந்தாலும் இதுதான் முறை.

தாள் சரியாக இருந்தால் வண்டியைப் பாருங்கள். சி70இன் உடற்சட்டம் எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்யப்பட்டது. பின்புற மண்காப்பும் அதே சட்டத்தின் பகுதி. சேறும் நீரும் தேங்கும் உட்புறத்தில்தான் துரு தொடங்கும். வெளியே சாயம் பளபளக்கும், உள்ளே தகடு அப்பளமாக இருக்கும். ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பன்று, ஓட்டையை மூடிய புட்டி! சட்டம் உளுத்துப்போன வண்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்து, உதைமிதி. மிதி இறங்கவே மறுத்தால் எஞ்சின் இறுகிக்கிடக்கிறது. வலிந்து உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி உருளைக்குள் சிறிது எண்ணெய் ஊற்றி ஒரு நாள் விட்டால் பல எஞ்சின்கள் இளகிவிடும். இறுகிய எஞ்சின் செத்துவிட்டதென்று பொருளில்லை. ஆனால், "ஓடும் நிலையில் இருந்தது, பெட்ரோல்தான் இல்லை" என்று சொல்லி விலை கேட்பவரிடம் அந்த விலையைக் கொடுக்காமலிருக்க அது போதிய காரணம். மிதி எதிர்ப்பே இல்லாமல் பொதக்கென்று இறங்கினாலும் ஐயப்படுங்கள். அழுத்தம் போய்விட்டது, அல்லது உள்ளே பற்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து கைவிளக்கால் பாருங்கள். பல ஆண்டு கிடந்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். அது கழுவினால் போகும். தொட்டியின் உட்சுவர் துருவேறிப் பொத்தலாகியிருந்தால் செலவு கூடும்.

டயர், பிரேக் கட்டை, கம்பி வடங்கள், ரப்பர் வளையங்கள் ஆகியவற்றைப் பார்த்து ஆராயவே தேவையில்லை. அனைத்தையும் மாற்றவேண்டும் என்றே கணக்கிடுங்கள். "டயரில் பூ இன்னும் இருக்கிறதே" என்பார்கள். டயரின் பக்கச்சுவரில் 'டாட்' என்ற குறிக்குப் பின்னால் வரும் இறுதி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2309 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட ரப்பரின் மீது பிள்ளையின் உயிரை ஏற்றுவீர்களா?

இத்தனையையும் பட்டியலிட்டுக் கூட்டினால் ஓர் உண்மை விளங்கும். வாங்கும் விலை தொடக்கந்தான். நானும் என் மகளும் 2022இல் ஒரு சி70 வாங்கினோம். வண்டியின் விலை 900 ரிங்கிட். உதிரிப் பாகங்களுக்கும் சாயத்துக்கும் உருளையைக் கடைவதற்கும் ஆனது 2,100 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். காலம் பதினொரு மாதம். இக்கணக்கில் எங்கள் உழைப்புக்குக் கூலி சேரவில்லை. இதே வேலை முழுவதையும் மோட்டார் கடையில் ஒப்படைத்திருந்தால், கூலியும் சேர்ந்து, ஓடும் நிலையிலுள்ள ஒரு நல்ல வண்டியின் விலையைத் தாண்டியிருக்கும். ஆகவே, 'மலிவு' என்ற காரணத்துக்காகப் பழைய வண்டியை வாங்குகிறவர் கணக்குத் தெரியாதவர். பணத்தை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் இது நட்டந்தான்! வண்டியை மட்டும் எதிர்பார்க்கிறவர் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. ஆவது: ஒரு வண்டியோடு ஒரு மாணவன்

அப்படியானால் எதற்காக வாங்கவேண்டும்?

சி70இன் உருளை விட்டம் 47 மில்லிமீட்டர். உந்துதண்டு மேலும் கீழும் செல்லும் தொலைவு 41.4 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களைப் பிள்ளையிடம் கொடுத்து, நீள் உருளையின் கனஅளவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 71.8 கன செண்டிமீட்டர் வரும். வண்டி 72 சி.சி. என்று ஏன் சொல்லப்படுகிறது என்பது அந்தக் கணத்தில் விளங்கும். பயிற்சி நூலில் பத்து முறை செய்தும் ஒட்டாத வாய்பாடு, கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு செய்தபோது ஒட்டிக்கொண்டதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். வால்வின் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். நாம் நான்காம், ஐந்தாம் ஆண்டு வகுப்புகளில் தசமத்தைக் கற்பிக்கும்போது, 0.5க்கும் 0.05க்கும் உள்ள வேறுபாட்டை வெண்பலகையில் எத்தனை முறை எழுதி அழிக்கிறோம்! இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை ஒருமுறை வால்வின் அடியில் செருகிப் பார்த்தவன் அந்த வேறுபாட்டை விரல்நுனியில் அறிவான். புள்ளியை இடம்மாற்றி வைத்தால் ஆசிரியர் சிவப்பு மையால் தவறிடுவார். எஞ்சினோ சத்தமிடும், சூடாகும், அணைந்துபோகும். எந்த ஆசிரியரைவிடவும் நேர்மையான திருத்துநர் அது. முகம் பார்த்து மதிப்பெண் போடாது.

மொழியும் வளரும். கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காகிதத்துண்டில் பெயரெழுதிக் கட்டவேண்டும். உருளை, உந்துதண்டு, பற்சக்கரம், சங்கிலி என்று என் மகள் தமிழில் எழுதினாள். கடைக்காரரிடம் மலாயில் கேட்டாள். கையேட்டை ஆங்கிலத்தில் படித்தாள். மூன்று மொழியும் ஒரே வேலைக்குப் பயன்பட்டன. கழற்றிய வரிசையை ஒரு குறிப்பேட்டில் எண்ணிட்டு எழுதாவிட்டால் மீண்டும் பூட்ட முடியாது. செயல்முறைக் கட்டுரை எழுதுவதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எங்கே இருக்கிறது?

3. ஊதியம்: பின்னர் வருவது

முடித்துக்காட்டும் பழக்கம் என்று ஒன்று உண்டு. இக்காலப் பிள்ளைகளிடம் அது குறைகிறதென்று நாம் பணிமனைக்குப் பணிமனை புலம்புகிறோம். ஐந்து மாதம் சிதறிக்கிடந்த பாகங்கள் மறுபடி ஒன்றுகூடி, எத்தனையோ தோல்விகளுக்குப் பிறகு ஒரு மாலையில் எஞ்சின் உயிர்பெறும்போது, "என்னால் முடியும்" என்பதை அந்தப் பிள்ளைக்கு எந்தத் தன்முனைப்புப் பேச்சாளரும் வந்து சொல்லவேண்டியதில்லை.

தந்தையும் மகனும், தாயும் மகளும் ஒரே பொருளைக் குனிந்து பார்க்கும் மணிநேரங்கள் நம் வீடுகளில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? பதினைந்து வயதில் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளை, ஒரு துருவேறிய திருகாணியைக் கழற்றும்போது தானாகவே பேசும். இதற்கும் விலை போட்டுப் பாருங்கள்.

எதிர்வாதங்களுக்கு என் மறுமொழி

*"கையில் கரி படியும் வேலை நமக்கு எதற்கு? இதற்காகவா தோட்டத்தைவிட்டு வந்தோம்?"*

இதுதான் உண்மையான காரணம். மற்றவை எல்லாம் இதற்குப் போர்த்திய போர்வை. இந்தச் சொல்லின் பின்னாலிருக்கும் வலியை நான் அறிவேன். கைவேலை நம் பாட்டன்மாருக்குக் கூலியாகவும் இழிவாகவும் கொடுக்கப்பட்டது. ஆனால், இழிவு வேலையில் இருந்ததில்லை. வேலைக்குக் கொடுக்கப்பட்ட கூலியிலும் மதிப்பிலும் இருந்தது. கூலிமுறையை வெறுக்கவேண்டிய நாம் கருவியை வெறுக்கக் கற்றுக்கொண்டோம். விளைவு? நம் வீட்டுக் குழாய் ஒழுகினாலும், மின்விசிறி நின்றாலும், மோட்டார் படுத்தாலும் யாரையோ எதிர்பார்த்துக் கைகட்டி நிற்கிறோம். இதுவா விடுதலை?

*"மாட் ரெம்பிட் ஆகிவிடுவான்!"*

அச்சம் நியாயமானது. நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையவை. இதைச் சிறுமைப்படுத்திப் பேச நான் வரவில்லை. எஞ்சினை அறிந்தவன் ஒழுக்கமாகத்தான் ஓட்டுவான் என்று எவரும் உறுதிகூற முடியாது. ஆனால், புதிய வண்டியின் சாவியை வாங்கிக் கொடுக்கும் தந்தைக்கு மட்டும் அந்த உறுதி எங்கிருந்து வந்தது? பிரேக் கட்டையைத் தன் கையால் மாற்றி, வண்டி நிற்க எவ்வளவு தொலைவு பிடிக்கிறது என்று அளந்து பார்த்த பிள்ளைக்கு வேகம் பற்றிப் பேச நம்மிடம் ஓர் அடிப்படையாவது இருக்கும். சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 16 வயது நிரம்பியவர்தாம் 'பி2' உரிமம் எடுக்கலாம். அதுவரை வண்டி வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. "கம்பத்துச் சாலைதானே, கடைவரைக்கும்தானே" என்ற சலுகையும் கூடாது. உரிமம், காப்புறுதி, சாலை வரி, சிரிம் முத்திரையிட்ட தலைக்கவசம் நான்கும் இல்லாமல் சாவி பெற்றோரின் பையிலேயே இருக்கட்டும். இதைச் சொல்லத் துணிவில்லாத பெற்றோர் பழைய வண்டியும் வாங்கவேண்டாம், புதிய வண்டியும் வாங்கவேண்டாம்.

*"படிப்பு கெடும்."*

வாரத்தில் ஒரு பிற்பகல், மூன்று மணிநேரம். கைப்பேசி நாள்தோறும் தின்னும் நேரத்தைக் கணக்கிட்டுவிட்டு இந்த வாதத்தோடு வாருங்கள். எஸ்.பி.எம். ஆண்டில் தொடங்கவேண்டாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் படிவம் மூன்றின் முடிவு நல்ல காலம் என்கிறேன்.

*"பெண் பிள்ளைக்கு எதற்கு?"*

இந்தக் கேள்விக்கு மறுமொழி எழுத எனக்கு நேரமில்லை. என் மகளிடம் கேளுங்கள், நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் வண்டியின் பிளக்கைக் கழற்றிக் காட்டுவாள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

பெற்றோரை மட்டும் குறைசொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் 'செய்து கற்றல்' பற்றி எத்தனை இடுபணிகள் எழுதினோம்! எத்தனை அறிஞர்களின் பெயர்களை அடுக்கினோம்! ஆனால், நான்காம் ஆண்டு முதல் நாம் நடத்தும் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில், மாணவர் உண்மையாகவே ஒரு கருவியைப் பிடிக்கும் நேரம் எவ்வளவு? பாடநூலின் படத்தைப் பார்த்துப் பயிற்சி ஏட்டில் வண்ணம் தீட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்ற வகுப்புகளை நாம் அறியாதவர்களா?

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. "நீ படிப்புக்கு ஆகமாட்டாய், தொழிற்கல்லூரிக்குத்தான் போவாய்" என்று ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்லும் ஆசிரியரின் வாய். தொழிற்கல்வியைத் தண்டனையாகக் காட்டியவர்கள் நாம். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. 2022இல் பி.டி.3 தேர்வும் போனது. தேர்வுகள் போயின. தேர்வால் பிள்ளைகளைத் தரம்பிரித்த நம் மனம் மட்டும் போகவில்லை. வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, மின்விசிறி ஏன் ஒருபக்கம் ஆடுகிறது என்று அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்கும் மாணவனை 'கவனமில்லாதவன்' என்று எழுதுகிறோம். வகுப்பிலேயே கவனமாக இருப்பவன் அவன் ஒருவனாகவும் இருக்கலாம்!

வாங்குமுன் வீட்டில் செய்யவேண்டிய உடன்படிக்கை

இறுதியாக, வாங்கலாம் என்று முடிவெடுக்கும் பெற்றோர் பிள்ளையோடு அமர்ந்து கீழ்க்காணும் ஐந்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

1. தாள் சரியில்லாத வண்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்குவதில்லை.

2. வண்டியின் விலையைப் போல் குறைந்தது இரண்டு மடங்குத் தொகையைத் தனியே எடுத்துவைத்த பிறகே வாங்குவது. ஒவ்வொரு செலவையும் பிள்ளையே குறிப்பேட்டில் எழுதுவது.

3. உருளையைக் கடைவது, உடைந்ததைப் பற்றவைப்பது போன்றவற்றை மட்டும் கடையில் கொடுப்பது. மற்றவை நம் கையால். கடைக்காரரிடம் கொடுக்கும்போதும் அருகில் நின்று பார்க்க இசைவு கேட்பது.

4. பாதுகாப்பில் சமரசமில்லை. பெட்ரோலை மூடிய அறையில் திறப்பதில்லை. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். ஆகவே, அந்தத் தூசியை வாயால் ஊதுவதோ காற்றடித்து விரட்டுவதோ இல்லை. முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைப்பது. பழைய சாயத்தையும் உலர்ந்த நிலையில் தேய்ப்பதில்லை.

5. மூன்று மாதம் தொடர்ந்து கை வைக்காமல் கிடந்தால், செய்யக்கூடிய வேறொருவருக்கு விற்றுவிடுவது.

ஐந்தாவதைக் கடைப்பிடிக்க இயலாது என்று இருவரில் ஒருவர் தயங்கினாலும் வாங்கவேண்டாம். அதில் வெட்கமொன்றுமில்லை. ஆனால், ஐந்துக்கும் தலையசைத்துக் கையொப்பமிடக் காத்திருக்கும் பிள்ளையிடம், "உனக்கெதற்கு இந்த வேலை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உழைக்க முன்வருகிற பிள்ளையைத் தடுப்பதற்கு நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளை அந்தத் துருப்பிடித்த வண்டியைக் காட்டினால், அதனருகே நீங்களும் ஒருமுறை குனிந்து பாருங்கள். கையோடு ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். உரிமைப் பத்திரத்தைக் கேட்க மறவாதீர்கள்.

சிந்திப்போம்! கை அழுக்காகச் செயல்படுவோம்!